பதினோரு வருஷம் நன்றாக இருந்தது

தம்பதிகளுக்கு அந்தரங்க விஷயத்தில் ஆலோசனை சொல்வது என் தொழில். அதில் சொல்வது கொஞ்சம், வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது நிறைய. கரோல் பாக்கில் எனக்கு ஓர் அறை, மூன்று நாற்காலி. தமிழ் தெரிந்தவள் என்று டில்லித் தமிழர்கள் தேடி வருவார்கள். வந்த பிறகு, தமிழ் தெரிந்தவளிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று கூரையைப் பார்ப்பார்கள். மனதில் இருப்பதை வீட்டில் சொல்லமுடியாமல் விழுங்கிப் பழகிய உங்களுக்கு இது புரியும்.

அவர் கொடுத்த சான்று

கோபாலும் மீனாவும் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸிலிருந்து வந்தார்கள். அவர் திருநெல்வேலிக்காரர், மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். அவள் டில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். மூன்று மாதமாக மீனா குழந்தைகள் அறையில் போய்ப் படுத்துக்கொள்கிறாள். அவள் உடம்பில் ஏதோ கோளாறு என்று கோபால் எல்லா டெஸ்ட்டும் எடுத்துப் பார்த்துவிட்டார், ஒன்றும் இல்லை. மீனாவிடம் நான் கேட்ட ஐந்து கேள்விக்கும் அவரேதான் பதில் சொன்னார். அவளுக்கு எல்லாம் திருப்தி என்று சான்றும் கொடுத்தார்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மீனாவைக் கேட்டேன். ரொம்ப நேரம் வளையலை உருட்டிக்கொண்டிருந்தாள். உச்சம் என்பதை அவள் இதுவரை கண்டதே இல்லையாம். அவர் மனசு நோகக்கூடாது என்று நடித்து வந்திருக்கிறாள், இப்போது நடிப்பும் அலுத்துவிட்டது. அவரிடமே சொன்னால் என்ன என்றேன்.

"பதினோரு வருஷமா நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன் மேடம். இப்ப இல்லைன்னா அத்தனையும் பொய்யான்னு கேப்பார். அப்புறம் என்னை எதுல நம்புவார்?"

எட்டுக் கேள்வி

மீனா சொன்னதை நான் வெளியிடவில்லை. இருவரையும் உட்காரவைத்துப் பொதுவாகப் பேசினேன். பல பெண்களுக்கு உடலுறவு மட்டும் போதாது, தொடுதலும் நேரமும் வேண்டும். எது பிடிக்கிறது என்று அவளுக்குத்தான் தெரியும், அவளையே கேளுங்கள் என்றேன். கோபால் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் ஒரு தாளை டைப் செய்து கொண்டுவந்தார். எட்டுக் கேள்வி, எதிரே ஆம், இல்லை என்று இரண்டு கட்டம், கீழே தேதி, மீனாவின் கையெழுத்து. எட்டுக்கும் ஆம். பரீட்சையில் பாஸான முகத்தோடு உட்கார்ந்திருந்தார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மீனாவைப் பார்த்தேன்.

"அச்சா, நீங்களே சொல்லுங்க மேடம், கையெழுத்துப் போடற பேப்பர்ல யாராவது இல்லைன்னு எழுதுவாங்களா?"

காப்பித்தூள்

தாளை வாங்கி மேஜைக்குள் போட்டேன். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் காப்பித்தூள் வாங்கும்போது மீனா என்ன சொல்வாள் என்று கோபாலைக் கேட்டேன். சிக்கரி கம்மி, வறுவல் கொஞ்சம் தூக்கல், போன தடவை தூள் ரொம்ப நைஸ் என்று ஐந்து நிமிஷம் சொல்வாளாம். கடைக்காரர் கோபித்துக்கொள்வாரா என்றேன். மாட்டார், மாற்றித் தருவார் என்றார். நீங்களும் அப்படிக் கேளுங்கள், படுக்கையில் வேண்டாம், பகலில் நடக்கும்போது கேளுங்கள், பதில் எதுவானாலும் வாதாடாதீர்கள் என்று அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து வந்தார்கள். காலனிப் பூங்காவில் நடக்கும்போது கேட்டிருக்கிறார். தமிழில் சொல்ல வாய் வராமல் மீனா எல்லாவற்றையும் இந்தியில் சொல்லியிருக்கிறாள்: அவசரம் வேண்டாம், எங்கே எப்படித் தொட்டால் பிடிக்கும், முடிந்ததும் திரும்பிப் படுக்கவேண்டாம். நடித்ததையும் சொல்லிவிட்டாள். கோபால் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ரெண்டு நாளு சோறு எறங்கல மேடம், பொய் சொல்லிட்டாளேன்னு. மூணாம் நாளுதான், நான் ஒரு நாளும் கேக்கலையேன்னு தோணிச்சு."

எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போய்விட்டது. இப்போது எங்கே படுக்கிறாய் என்று மீனாவைக் கேட்டேன். இந்தத் தடவை கோபால் பதில் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார்.

"தலகாணியை மட்டும் எடுத்துட்டு வந்திருக்கேன் மேடம். போர்வை இன்னும் பசங்க ரூம்லதான் இருக்கு. ஜல்தி ஒண்ணும் இல்லைன்னு இவரே சொல்லிட்டார்."

எல்லோரும் இப்படி வீட்டிலேயே பேசிக்கொள்ள ஆரம்பித்தால் என் பிழைப்பில் மண் விழும்தான், ஆனால் டில்லியில் அப்படி ஓர் ஆபத்து இப்போதைக்குத் தெரியவில்லை.