சீல் வைத்த குழாய்

என் தலையெழுத்தை நானே என் கையால் சுருட்டி, ஓரத்தில் பசையும் தடவி, வெயிலில் காயப்போட்டேன். இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. காளியம்மனை நம்பி இதைப் படிக்கிற அக்கா தங்கைகளுக்கு, நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

2005ஆம் வருடம், ஆனி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. நான் அச்சுத் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ முடித்திருந்தேன். புதன்கிழமை காரைக்குடியில் கவுன்சலிங். டிப்ளமோ முடித்தவர்களை இன்ஜினியரிங்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேர்ப்பதற்கான கவுன்சலிங் அது. சென்னையில் பெரிய பல்கலைக்கழகத்திலேயே எங்கள் பாடத்துக்கு இடம் உண்டு. ஆனால் விரல்விட்டு எண்ணிவிடலாம். அதற்கு என்னையும் கூப்பிட்டுக் கடிதம் வந்திருந்தது. சர்டிபிகேட்டுகளை அடுக்கி வைக்கலாம் என்று டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். எல்லாம் இருந்தது. அந்தக் கடிதம் மட்டும் இல்லை. கடிதம் கொண்டுவராதவர்களை உள்ளே விடமாட்டோம் என்று அந்தக் கடிதத்திலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தது எனக்கு மனப்பாடமாகத் தெரியும்.

எங்கள் ஊர் வெம்பக்கோட்டைப் பக்கம். அம்மாவும் நானும் வீட்டில் வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டுவோம். அப்பா ஆலங்குளத்துக்குச் சுண்ணாம்புக்கல் லோடு ஏற்றப் போவார். பத்தாவது முடித்ததும் நான் டிப்ளமோ சேர்ந்ததே, மூன்று வருடத்தில் சிவகாசியில் ஏதாவது ஒரு காலண்டர் பிரஸ்ஸில் வேலைக்குப் போகலாம் என்றுதான். அதற்கு மேல் ஆசைப்பட எனக்குத் தெரியாது. அரியர் இல்லாமல் பாஸானவர்களுக்குக் கல்லூரியில் ஆனர்ஸ் வகுப்பு என்று ஒன்று ஆரம்பித்தார்கள். சனிக்கிழமை தோறும் முழுநாள். டிப்ளமோவில் இல்லாத கணக்கெல்லாம் நடத்துவார்கள். அதை முடித்தால் பெரிய பல்கலைக்கழகத்தில் போய்த் திணறாமல் படிக்கலாம் என்றார்கள். சேரும்போது பதினோரு பேர். தீபாவளி சீசன் வந்ததும் வேலை வேலை என்று ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். கடைசிவரை உட்கார்ந்தது மூன்று பேர். அதில் நான் ஒருத்தி.

விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் அம்மா என்னைக் காளியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய்ப் பூ கேட்டாள். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி ஆத்தா காலடியில் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் போகலாம். எங்களுக்கு வெள்ளைதான் வந்தது. அம்மா அந்தப் பூவைப் பெட்டியில் எடுத்து வைத்தாள். ஆத்தா உத்தரவு கொடுத்துவிட்டாள், கடிதமும் வந்துவிட்டது. இனிமேல் என்ன கவலை என்று நான் கொஞ்சம் மிதப்பாகவே திரிந்தேன். அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

கடிதத்தில் மடிப்பு விழக் கூடாதென்று, அதை விரித்து ஆனர்ஸ் கணக்கு நோட்டுக்குள் வைத்திருந்தேன். அந்த நோட்டுக்கு அட்டையாகக் காளியம்மன் படம். ஆத்தா மடியில் வைத்தமாதிரி என்று எனக்கு ஒரு நினைப்பு. ஆனால் எங்கள் ஊரில் பிள்ளைகள் நோட்டுக்கு அட்டை போடுவது பிரஸ்ஸில் கழித்துப் போட்ட காலண்டர் தாளில்தான். கலர் விலகி, ஆத்தாவுக்கு மூக்கு இரண்டாகத் தெரிகிற தாள் ஒரு கட்டு என்னிடம் கிடந்தது. என் நோட்டுகள் பதினாலுக்கும் அதே அட்டை, அதே இரட்டை மூக்கு.

வெள்ளிக்கிழமை அம்மா கேட்டாள். "ஏ கனகு, குழாய்க்குத் தாள் பத்தல. படிச்சு முடிச்ச நோட்டு இருந்தா குடு தாயி."

நான்தான் எடுத்துக் கொடுத்தேன். மேலே கிடந்த ஐந்து நோட்டு. அம்மா சாமி படத்தில் கத்தி வைக்கமாட்டாள். அட்டைகளை மட்டும் கழற்றிக் கண்ணில் ஒற்றி ஓரமாக வைத்துவிட்டு, நோட்டுகளைக் குறுக்கே இரண்டாக அறுத்தாள். நான் மூன்று மூன்று தாளாகக் கம்பியில் சுருட்டினேன். பழகிய கைக்குக் கண் வேண்டாம். சென்னை ஹாஸ்டலில் சோறு எப்படி இருக்கும் என்று அம்மாவிடம் வாயளந்துகொண்டே சுருட்டித் தள்ளினேன்.

திங்கட்கிழமை காலை, கடிதத்தைக் காணோம் என்று வீட்டைத் தலைகீழாகப் புரட்டியபோது, ஓரத்தில் இருந்த அந்த அட்டைகள் கண்ணில் பட்டன. ஒன்றில் என் கையெழுத்தில் லேபிள் ஒட்டியிருந்தது: ஆனர்ஸ் கணக்கு.

 முற்றத்துக்கு ஓடினேன். முற்றம் காலியாகக் கிடந்தது. வெடிக் கம்பெனி வேன் வந்து குழாய் மூட்டைகளை ஏற்றிப் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நானும் பாக்காம அறுத்துட்டனே" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குக் கிளம்பினேன். வழியில்தான் கோயில். உச்சிக்கால பூஜைக்குத் திறந்திருந்தது. உள்ளே போகவே எனக்குக் கூசியது. விதி வந்து கெடுத்திருந்தால் அழலாம். என் கையால் நானே கெடுத்துக்கொண்டதற்கு எந்த முகத்தோடு போய்க் கேட்பது? ஆனாலும் போனேன். போக வேறு இடமில்லை. காலேஜ் ஞாபகம் வரவில்லை, சென்னை ஞாபகம் வரவில்லை. ஒன்றே ஒன்றுதான் வாயில் வந்தது. "ஆத்தா, அந்தத் தாளில் மருந்து ஏறக்கூடாது." வெடிமருந்தைத்தான் நாங்கள் மருந்து என்போம். குழாயில் மருந்து ஏறிவிட்டால் அப்புறம் யாராலும் அதைப் பிரிக்க முடியாது. அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதேன். கடிதம் கிடைத்தால் வருடா வருடம் உன் பங்குனிப் பொங்கல் நோட்டீஸை நாலு கலரில் நானே அச்சடித்துத் தருகிறேன் என்றும் வேண்டிக்கொண்டேன். அச்சுப் படித்தவளுக்கு வேறென்ன வேண்டத் தெரியும்.

கம்பெனி வாசலில் வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. அவரைக் குறை சொல்லமாட்டேன். மருந்து புழங்குகிற இடம். "அறைக்கு நாலு பேருக்கு மேல நிக்கக் கூடாதும்மா. நீ உள்ள போயி மூட்டையக் கொட்டித் தேடுனா என்னத்துக்கு ஆகும்? சொல்லி விடுதேன், இங்கனயே இரு" என்றார். உள்ளே சொல்லியும் அனுப்பினார். நான் வாசலிலேயே உட்கார்ந்தேன். ஆயிரக்கணக்கான குழாய். யார் ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள்? மத்தியானம் போயிற்று. சாயங்காலம் மணி அடித்துப் பெண்கள் வேனுக்கு வரிசையாக வந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். யாரும் நிற்கவில்லை. எல்லாம் முடிந்தது என்று சைக்கிளைத் திருப்பினேன்.

"தாள் தேடி வந்த புள்ள யாரு?" என்று ஒரு குரல். நாற்பது வயதிருக்கும், மெலிந்த பெண். முத்துப்பேச்சி என்று பெயர். குழாய்களை வளையத்துக்குள் நெருக்கமாக அடுக்குவது அவர் வேலை. அதற்கப்புறம்தான் அடுத்த அறையில் மருந்து போடுவார்கள். அவர் தன் சாப்பாட்டுப் பையிலிருந்து தூக்குவாளியை எடுத்தார். திறந்தார். உள்ளே ஒரு குழாய். வெளித்தாளில் பாதி தெரியும்படி ஊதா நிறத்தில் வட்டச் சீல்.

"ஒரு குழாய் மட்டும் வளையத்துக்குள்ள அடங்கல. தாளு தடி, பசை புடிக்காம வாயப் பொளந்துக்கிட்டு நின்னுச்சு. கழிச்சுப் போடலாம்னு எடுத்தேன். பாத்தா சீலு. எனக்கு எழுத்துத் தெரியாது தாயி. ஆனா சீல் வச்ச தாளுல மருந்து போட அனுப்ப மனசு ஒப்பல."

"எப்பக்கா பார்த்தீக?"

"சாப்பாட்டு மணி அடிக்கப் போற நேரம். அதுக்கப்புறந்தான் நீ வந்து நிக்கேன்னு உள்ள சொன்னாக."

நான் கோயிலில் அழுத வேளை அது. மருந்து என்ற வார்த்தையை நான் ஆத்தாவிடம் தவிர யாரிடமும் சொல்லவில்லை. அங்கேயே அந்த அக்கா காலில் விழுந்தேன். "அடச் சீ, எந்திரி. வேன் போயிரும்" என்று என்னைத் தூக்கிவிட்டு ஓடினார். ஒரு நாளைக்கு எத்தனை குழாய் அவர் கைவழியே போகும். எண்ணிக்கைக்குத்தான் கூலி. அத்தனை அவசரத்திலும் ஒரு தாளுக்கு மரியாதை கொடுத்து நின்றாரே, எத்தனை படித்தாலும் எனக்கு அந்தக் குணம் வருமா என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்து ஈரத்துணி வைத்துப் பிரித்தோம். கிடைத்தது பாதிக் கடிதம்தான். மேல்பாதி. என் பெயரும் எண்ணும் சீலும் அதில் இருந்தன. கீழ்ப்பாதி வேறொரு குழாயில் உள்தாளாகப் போயிருக்கும். காரைக்குடியில் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தாள் உருண்டு உருண்டு சுருண்டது.

"மீதிப் பாதி எங்கம்மா?"

"வெடிக்குள்ள இருக்கு சார்."

அவர் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு எண்ணைப் பட்டியலில் சரிபார்த்து என்னை உள்ளே அனுப்பினார். சென்னையில் அந்தப் பெரிய பல்கலைக்கழகத்திலேயே எனக்கு இடம் கிடைத்தது. முதல் செமஸ்டரில் கணக்கு என்னை முழுங்கப் பார்த்தது. அந்தச் சனிக்கிழமைகள் இல்லையென்றால் பெட்டியைக் கட்டியிருப்பேன். படித்து முடித்தேன். இப்போது ஒரு பெரிய அச்சகத்தில் கலர் சரிபார்க்கும் பொறுப்பில் இருக்கிறேன். எந்தச் சாமிக்கும் நான் இரட்டை மூக்கு விழ விடுவதில்லை.

அந்த வருடத் தீபாவளிக்கு ஹாஸ்டலில் இருந்தேன். தெருவில் ஒவ்வொரு வெடி சத்தத்துக்கும், என் பாதிக் கடிதம் இதுவா அதுவா என்று காது கொடுத்துக் கேட்டேன்.

தன் தவறால் வந்த கஷ்டத்துக்குச் சாமியிடம் போகக் கூசி நிற்கிறவர்கள் இதைப் படித்தால், ஒன்று சொல்வேன். கூசாமல் போங்கள். யார் கையால் கெட்டது என்று என்னிடம் ஆத்தா கேட்கவே இல்லை. நான் வாசலில் உட்கார்ந்து வழி தேடிய நேரத்தில், அவள் தன் வேலையை முடித்துத் தூக்குவாளியில் வைத்து மூடியிருந்தாள்.

சொன்னபடி ஒவ்வொரு பங்குனிக்கும் நாலு கலரில் நோட்டீஸ் அடித்துக் கொண்டுபோகிறேன். முதல் நோட்டீஸ் ஆத்தா காலடியில். இரண்டாவது முத்துப்பேச்சி அக்காவுக்கு. முதல் வருடம் அவர் அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பளபளவென்று இருந்தும் முகத்தில் திருப்தி இல்லை. "எல்லாம் நல்லாத்தான் இருக்கு தாயி. சீலு எங்க?" என்றார். அன்றிலிருந்து அவருக்குக் கொடுக்கிற நோட்டீஸை மட்டும் பூசாரியிடம் நீட்டி, கோயில் சீலைக் குத்தி வாங்கிய பிறகுதான் கொடுக்கிறேன்.