இருபத்து மூன்றாம் பக்கம்

நடப்பு நிகழ்வுகள் சொல்லிக்கொடுப்பவன் எதையும் லேசில் நம்ப மாட்டான். திங்கட்கிழமை ஒருவர் தலைவர் என்று கரும்பலகையில் எழுதிப் போடுவோம், வியாழக்கிழமை அவரை மாற்றிவிடுவார்கள். போன மாதம் முதலிடத்தில் இருந்த மாநிலம் இந்த மாதம் மூன்றாமிடத்துக்குப் போயிருக்கும். காலையில் படித்ததைச் சாயங்காலம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வதுதான் என் தொழில். காளவாசலில் ஒரு டயர் கடைக்கு மேலே மாடியை வாடகைக்குப் பிடித்து, அரசுத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு அந்த வகுப்பை நடத்துகிறேன். நானும் ஒரு காலத்தில் எழுதிப் பார்த்தவன்தான். கை வலித்ததுதான் மிச்சம்.

மாதாமாதம் ஒரு கையேடு போடுவேன். அந்த மாதம் உலகத்தில் நடந்ததெல்லாம் நாற்பது பக்கத்துக்குள் அடங்கிவிடும். பத்திரிகைகளை வெட்டித் தேதிவாரியாக ஃபைலில் போட்டு, அதிலிருந்து ஒவ்வொரு வரியாக எடுத்து நானே டைப் அடித்து, ஜெராக்ஸ் போட்டு, உட்கார்ந்து ஸ்டேப்ளர் பின் அடிப்பேன். பெற்ற பிள்ளை மாதிரி என்று சொல்ல மாட்டேன். பிள்ளையைக்கூட இம்புட்டு கவனித்ததில்லை என்று என் மனைவி சொல்வாள்.

சிம்மக்கல் பக்கம் இன்னொரு பயிற்சி மையம் இருக்கிறது. அவர்களும் கையேடு போடுகிறார்கள், என்னுடையது வந்து பத்து நாள் கழித்து. அதையும் நான் மாதம் தவறாமல் வாங்கிவிடுவேன். சும்மா ஒத்துப் பார்க்கத்தான். நான் விட்டது ஏதாவது அதில் இருந்தால் அடுத்த மாதம் சேர்த்துக்கொள்வேன். அது தப்பில்லை என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

ஒரு மாதம் அப்படிப் புரட்டிக்கொண்டிருந்தபோது திடுக்கென்றது. என் கையேட்டில் ஒரு விருதை ஆள் மாற்றிப் போட்டிருந்தேன். வகுப்பில் ஒருத்தன் சுட்டிக்காட்டிய பிறகுதான் எனக்கே தெரியும். அதே தப்பு, அதே ஆள், சிம்மக்கல்காரன் கையேட்டில். சரியான விடை ரெண்டு பேருக்கும் ஒன்றாக இருக்கலாம், அதில் அதிசயமில்லை. தப்பு எப்படி ஒன்றாக இருக்கும்? என் வகுப்பிலிருந்து எவரோ கையேட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள் என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிட்டேன்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கமும் இல்லை, வகுப்பில் பாடமும் இல்லை. கரும்பலகையில் எழுதிக்கொண்டே சட்டென்று திரும்பிப் பார்ப்பேன். எவன் சிரிக்கிறான், எவன் தலையைக் குனிகிறான் என்று கணக்கெடுப்பேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அரண்டுதான் கிடந்தேன். அப்படிப் பார்த்துப் பார்த்துக் கடைசியில் என் கண் ஒரு பெண் மேல் போய் நின்றது.

அவள் மேலூர்ப் பக்கத்து ஊர்க்காரி. அவளுடைய தாய் தகப்பன் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். பட்டப்படிப்பு முடித்தது அந்தக் குடும்பத்தில் அவள் ஒருத்திதான். விடியற்காலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கடையில் மல்லிகை நிறுத்துப் போடுகிற வேலை. அது முடிந்து மத்தியானம் இரண்டு மணி வகுப்புக்கு வந்து மூன்றாவது பெஞ்சில் உட்காருவாள். கணவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். இந்தத் தடவையும் தேறாவிட்டால் அவளும் திருப்பூருக்குக் கிளம்பி அதே கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார வேண்டியது என்று வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். அதை அவளே ஒருநாள் என்னிடம் சொல்லியிருந்தாள். அழவில்லை, தேர்வுத் தேதியைச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

அப்படிப்பட்டவள் மேல் என்ன சந்தேகம் என்று கேட்பீர்கள். காரணம் வைத்திருந்தேன். கையேடு கொடுத்த அன்றே அவள் போனை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடிப்பாள். கையில் புத்தகம் இருக்கும்போது படம் எதற்கு? படம் எடுத்த கையோடு யாருக்கோ அனுப்பவும் செய்வாள். ஒருநாள் சிம்மக்கல்லில் அந்தப் பயிற்சி மையம் இருக்கிற கட்டடத்திலிருந்து அவள் வெளியே வருவதை என் கண்ணாலேயே பார்த்தேன். போதாதா? வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்தது. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் இவள் என்று மனைவியிடம் சொன்னேன். நேராகக் கேட்டுவிட வேண்டியதுதானே என்றாள் அவள். கேட்டால் ஒத்துக்கொள்வாளா, கையும் களவுமாகப் பிடிக்கிறேன் பார் என்றேன்.

அடுத்த மாதக் கையேட்டில் இருபத்து மூன்றாம் பக்கத்தில் ஒரு சின்னத் திட்டம் பற்றி ஒரு வரி இருந்தது. எந்த மாவட்டத்தில் முதலில் தொடங்கினார்கள் என்பதுதான் செய்தி. விருதுநகர் என்பது சரியான விடை. இதை எந்தத் தேர்வில் எவன் கேட்கப் போகிறான் என்று நினைத்தேன். அந்த ஒரு தாளை மட்டும் தனியாக மறுபடி அச்செடுத்தேன், அதில் சிவகங்கை என்று போட்டு. பின் அடிக்கும் முன் ஒரே ஒரு பிரதியில் நல்ல தாளை உருவிவிட்டு இதைச் செருகினேன். சிம்மக்கல்காரன் கையேட்டில் சிவகங்கை வந்தால் இவள்தான் ஆள். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

கையேடு கொடுத்த அன்று அவளைக் கூப்பிட்டு, பிரதி மாறிவிடக்கூடாதே என்று, இது உனக்கென்று தனியாக எடுத்து வைத்தேனம்மா என்று சொல்லிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினாள். பெஞ்சில் போய் உட்கார்ந்து, வழக்கம்போலப் போனை எடுத்தாள்.

பத்து நாள் போனது. சிம்மக்கல் கையேடு வந்ததும் கடை வாசலிலேயே நின்று பிரித்துப் பார்த்தேன். விருதுநகர் என்றே இருந்தது. எனக்கு வந்த ஏமாற்றத்தை என்ன சொல்ல! ஒருத்தி திருடவில்லை என்று தெரிந்ததும் சந்தோஷப்படுகிறவன்தான் மனிதன். எனக்கோ பொறியில் எலி விழவில்லையே என்று எரிச்சல்தான் வந்தது. அந்த வாரத்திலேயே மிச்சமும் வெளுத்துப்போயிற்று. பழைய விருதுத் தப்பு எங்கிருந்து வந்தது என்று தேடினால், அவசரத்துக்கு நான் ஒரு டெலிகிராம் சேனலில் பார்த்து எழுதியது அது. சிம்மக்கல்காரனும் அதே சேனலைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறான். திருட்டு என்று ஒன்று நடந்திருந்தால் அதில் நானும் கூட்டு.

அன்றைக்கே அவளிடம் போய், இருபத்து மூன்றாம் பக்கத்தில் ஒரு தப்பு இருக்கிறது, திருத்திக்கொள் என்று சொல்லியிருக்கலாம். காரணம்கூடச் சொல்ல வேண்டாம். அச்சுப்பிழை என்றால் முடிந்தது. ஆனால் பக்கத்து பெஞ்சுக்காரி புத்தகத்தில் சரியாக இருக்கிறதே, எனக்கு மட்டும் எப்படி என்று அவள் கேட்டுவிட்டால்? அந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டு நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். நாளை நாளை என்று தேர்வே வந்துவிட்டது. அந்தச் சின்ன விஷயத்தைக் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையும் இருந்தது. அத்தனை பேரையும் சந்தேகப்பட்டவன், நம்பக்கூடாத ஒன்றை நம்பினேன்.

கேட்டுவிட்டார்கள். தேர்வு அன்று மத்தியானம் ஒரு பையன் வினாத்தாளைக் கொண்டுவந்து காட்டினான். கேள்வியைப் பார்த்தேன், நான்கு விடைகளையும் பார்த்தேன். விருதுநகரும் இருந்தது, சிவகங்கையும் இருந்தது.

தேர்வு முடிந்து சில நாளில் விடைக்குறிப்பு வெளியிடுவார்கள். அதில் தப்பு இருப்பதாகத் தோன்றினால் ஆதாரத்தோடு ஆட்சேபணை அனுப்ப ஒரு வாரம் கொடுப்பார்கள். விடைக்குறிப்பு வந்த மறுநாள் அவள் வந்தாள். வகுப்பு இல்லாத நாள், மாடியில் நான் மட்டும்தான் இருந்தேன். கையில் வினாத்தாள், என் கையேடு. முகத்தில் அப்படியொரு தெளிவு. எல்லாவற்றையும் ஒத்துப் பார்த்துவிட்டாளாம். போன தடவை கடைசி ஆளாகத் தேறியவர் எடுத்த மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்விதான் குறைகிறதாம். அந்த ஒரு கேள்வியில் தேர்வு நடத்துகிறவர்களே தப்புப் பண்ணியிருக்கிறார்களாம். சொல்லிக்கொண்டே இருபத்து மூன்றாம் பக்கத்தை என் முன்னால் விரித்து வைத்தாள்.

"ஆன்சர் கீயில விருதுநகர்னு போட்டுட்டாக சார். கையேட்டக் காமிச்சா ஒத்துக்க மாட்டாகளாம். உங்க ஃபைல்ல அந்தப் பேப்பர் கட்டிங் இருக்குமில்ல, அத மட்டும் குடுங்க சார், அனுப்பிருவோம்."

மற்றவர்கள் கையேட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தாயா என்று கேட்டேன். தேர்வுக்கு முன்னாலேயே பார்த்துவிட்டேன் என்றாள்.

"அவுக புக்ல எல்லாம் விருதுநகர்னுதேன் இருந்துச்சு. நீங்க எனக்குன்னு தனியா எடுத்து வச்சுக் குடுத்தீகள்ல சார், அதுதேன் கடைசியா திருத்துன புக்குன்னு நெனச்சேன். அதான் இத நம்பிப் போட்டேன்."

எத்தனையோ பொய் சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எதுவும் வரவில்லை. விருதுத் தப்பிலிருந்து ஆரம்பித்து, சிம்மக்கல்லில் அவளைப் பார்த்தது, தாளை உருவியது, பத்து நாள் காத்திருந்தது, பிறகும் சொல்லாமல் விட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது ஃபைலைத் திறந்து, விருதுநகர் என்றிருந்த அந்தக் கட்டிங்கையும் எடுத்து வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை. சிம்மக்கல் கட்டடத்தில் கீழே இருக்கிற கடைக்குத் தினமும் எங்கள் பூக்கடையிலிருந்துதான் சாமி படத்துக்குப் பூ போகிறது, அதைக் கொடுக்கத்தான் அன்றைக்குப் போனேன் என்றாள். படங்கள் போனது அவளுடைய கணவனுக்கு. கம்பெனியில் காலை டீ நேரத்தில் அவன் போன் போட்டு, அந்தப் படங்களைப் பார்த்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்பானாம், இவள் பூ நிறுத்துக்கொண்டே பதில் சொல்வாளாம். அவனும் சிவகங்கை என்றுதான் மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறான்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் கேட்டது ஒன்றுதான்.

"சரியான பக்கம் இருக்கா சார்?"

இருந்தது. அன்றைக்கு உருவிய அந்தத் தாள் மேஜை இழுப்பறையிலேயே கிடந்தது. கொடுத்தேன். வாங்கிப் படித்தாள். போனை எடுத்துப் படம் பிடித்து அனுப்பினாள். இரண்டு நிமிஷத்தில் போன் அடித்தது. அந்தப் பக்கம் தையல் மெஷின்களின் சத்தம் எனக்கே கேட்டது. என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினாள்.

"ஆமா, விருதுநகர்தேன். இல்லங்க, சார் புக்ல சரியாத்தேன் இருக்கு. நாந்தேன் அவசரத்துல தப்பாப் படிச்சிட்டேன். உங்களுக்கும் தப்பா அனுப்பிட்டேன்."

போனை வைத்துவிட்டு, வாரேன் சார் என்று மட்டும் சொல்லி, வினாத்தாளையும் அந்தச் சரியான தாளையும் கையேட்டுக்குள் வைத்து எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

தேறியவர்கள் பட்டியல் வந்தபோது அவள் எண்ணை நான்கு முறை தேடினேன். இல்லை. அவள் திருப்பூர் போய்விட்டதாகப் பூக்கடைக்காரர் சொன்னார். என் வகுப்பில் அவளோடு படித்தவர்கள் இன்னும் வருகிறார்கள், இன்னும் என் கையேட்டைத்தான் வாங்குகிறார்கள். ஒருத்தருக்கும் விஷயம் தெரியவில்லை. அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. நாலு பேரிடம் சொல்லி, அவர்கள் வந்து என் சட்டையைப் பிடித்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.