கரிசல் மண்ணில் ஒரு கடல் தேள்

திருச்சுழி பஸ்ஸிலிருந்து இறங்கிய எங்கள் கல்லூரிப் பியூன் சொன்னார், கனகராஜ் சார் இறந்துவிட்டார் என்று. "தேளா?" என்று கேட்டேன். இல்லை. மஞ்சள் காமாலை.

நானும் கனகராஜும் சென்னையில் ஒன்றாக விலங்கியல் படித்தவர்கள். பேலியோபோனஸை முதலில் பார்த்தவன் நான். நூலகத்தில், ஒரு தடித்த புத்தகத்தின் படத்தில். பல கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன தேளினம். மிஞ்சியது கல்லில் பதிந்த தடம் மட்டும். இன்றைய தேளின் கால்நுனியில் கொக்கிகள் உண்டு. அதற்கு ஒற்றைக் கூர்முனை. கடலில் வாழ்ந்திருக்கலாம் என்று எழுதியிருந்தது. புத்தகத்தை அவன் பக்கம் திருப்பினேன். அன்றோடு அது அவனுடையதாகிவிட்டது.

எனக்கு அருப்புக்கோட்டையில் கல்லூரி வேலை. அவனுக்குத் திருச்சுழியில் பள்ளி வேலை. பக்கத்துக் கிராமமான பரளச்சிக்காரர்கள் கல்லுக்கடியில் பிடித்த தேளை டப்பாவில் அடைத்து அவனிடம் கொண்டுபோவார்கள். என்னிடம் யாரும் வந்ததில்லை.

பள்ளிக் கண்காட்சிக்காகப் பேலியோபோனஸைக் கரிசல் மண்ணில் செய்தான். காய்ந்ததும் உடலெங்கும் வெடித்தது. மணல் கலந்திருக்க வேண்டும் என்றேன்.

"இருக்கட்டும்லே. பாறைக்குள்ள கெடந்தது மட்டும் முழுசாவா கெடந்துச்சு?"

காட்டு வேலையை விட்டுக் கண்காட்சிக்கு வந்த சம்சாரி ஒருவர், இது கொட்டினால் என்ன மருந்து என்று கேட்டார். விஷப்பை போன்ற மென்மையான உறுப்புகள் கல்லில் பதிவது அரிது என்று நான் ஆரம்பித்தேன். கனகராஜ் குறுக்கிட்டான்.

"கொட்டியிருக்கும்ணே. ஐயோன்னு கத்தத்தான் அப்ப ஆளு இல்ல."

கூட்டம் சிரித்தது. பிறகு அமைதியானது. அந்த அமைதியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மனிதன் இல்லாத உலகைப் பற்றி நான் எத்தனையோ வகுப்புகள் எடுத்திருக்கிறேன். ஒருவரும் அப்படி அமைதியானதில்லை.

'இதை எனக்குக் காட்டியவன் இவன்தான்' என்று என்னைக் காட்டிக் கூட்டத்திடம் சொல்வான் என அன்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அதற்குப் பிறகும் என்னிடம் சொன்னதில்லை.

துக்க வீட்டில் அவன் மனைவி அந்த மண் தேளைச் செய்தித்தாளில் சுற்றித் தந்தார்.

"யாரு கேட்டாலும், ஒங்க பேரச் சொல்லி, இது அவனோட தேளு, எங்கிட்டச் சும்மா கெடக்குன்னுதான் அவுக சொல்லுவாக. எடுத்துட்டுப் போங்கண்ணே."

இந்த அஞ்சலியைப் படிக்கிற, அவனை அறிந்த உங்களில் பலர் இதை அவன் வாயாலேயே கேட்டிருப்பீர்கள். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனை வெறுப்பது கடினமாகியிருக்கும்.

தேள் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. இந்த வெயிலில் வெடிப்பு இன்னும் விரிகிறது. நான் பூசவில்லை. அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது தேள் அல்ல. அதைத்தான் திருப்பித் தந்துவிட்டானே. அப்படித் தர அவனுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பொறாமைதான் மிச்சம்.