முன் சீற்றில் இருந்தவர்

நான் கனடா வந்து சேர்ந்த முதல் கோடையில், "ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ரெண்டு பேரும் எங்கயாவது போவம்" என்றார் என் கணவர். விடியவே எழும்பிக் கட்லட் பொரித்து, நல்ல சேலையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு கீழே இறங்கினால், காரின் முன் சீற்றில் அவருடைய சிநேகிதர் இருக்கிறார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வருமுன் இருவரும் பார்க்டேல் பகுதியில் ஒரே அறையில் வருடக்கணக்காக ஒன்றாகக் கிடந்தவர்களாம். சக்களத்தி என்று ஒருத்தி வந்திருந்தாலாவது மயிரைப் பிடித்துச் சண்டை போட்டிருப்பேன். மீசை வைத்த சக்களத்தியை என்ன செய்வது? கட்லட் பெட்டியோடு பின் சீற்றில் ஏறினேன்.

போன இடம் டொன் பள்ளத்தாக்கில் ஒரு பழைய செங்கல் தொழிற்சாலை. நகரத்து வீடுகளுக்கெல்லாம் கல் அறுத்த இடமாம். மண் தோண்டிய பெருங்குழியை அப்போதுதான் பூங்காவாக்கியிருந்தார்கள். புதுக்குளங்கள், தனியே நின்ற புகைபோக்கி, இந்த மண்ணுக்கே உரிய புல்லும் பூவும் விதைத்த வெளி. எல்லாவற்றையும் நான் தனியாகத்தான் பார்த்தேன். அவர்கள் இருவரும் ஒரு கல்லின் மேல் தலையோடு தலை முட்டக் குனிந்திருந்தார்கள். அதில் கல்லாகிப்போன சிப்பி ஒன்று இருந்தது.

"மச்சான், பார்க் ஆக்க முதல் வேலி பாய்ஞ்சு வந்து பாத்தமே, உதுதானடா!"

"ஓமடா, அதே கல்லு!"

நான் வருவதற்கு முந்திய கதை. வயிறு எரிந்தது.

இவர் தண்ணீர் எடுக்கக் காருக்குப் போன நேரம், சிநேகிதர் என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, என்ர மனுசிக்கு விசா வந்திட்டுது. தூரத்தில, அஜின்கோர்ட்டில வீடும் பாத்திட்டன், போகப்போறன். இவனுக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை. நீங்கள் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ."

அன்று முதன்முறையாக அவருக்கு நானே கட்லட் எடுத்துக் கொடுத்தேன். ஒன்று போதாதென்று இன்னொன்றும் கொடுத்தேன்.

இவர் திரும்பி வந்ததும் வாயெல்லாம் பல்லாகச் சொன்னேன். இவர் முகம் கறுத்துவிட்டது. என்னைப் பார்க்கவே இல்லை.

"எனக்குச் சொல்லாமல் இவவுக்கோடா முதல் சொன்னனி?"

திரும்பும்போது சிநேகிதர் தானாகவே பின்னால் ஏறிக்கொண்டார். முன் சீற் எனக்குக் கிடைத்தது. இவரோ கண்ணாடியில் பின் சீற்றையே பார்த்துப் பார்த்து ஓட்டினார். சிவப்பு விளக்கில் கார் நின்றபோது, கையை நீட்டி அந்தக் கண்ணாடியை என் பக்கம் திருப்பிவிட்டேன்.