பல்லவிக்கு முன்னால் வந்த குரல்

ஒரு சினிமாப் பாட்டின் தொடக்கத்தில் வருகிற ஹம்மிங்கைப் பாடியது நான். இருபது வருடங்களுக்கு மேல் இதை என் கணவரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. தொண்ணூறுகளின் நடுவில்தான் முதல் முறையாக வெளியில் சொன்னேன். சொல்லாமலே இருந்திருக்கலாம்.

நான் பிறந்தது கிணத்துக்கடவில். அப்பாவுக்குத் தேங்காய் வியாபாரம். பள்ளிப்படிப்பு முடிந்ததும் ஆசிரியர் பயிற்சிக்காக என்னை மெட்ராஸில் அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வீட்டு மாடியில் குடியிருந்த ஓர் அக்கா சினிமா ரெக்கார்டிங்குகளில் கோரஸ் பாடிக்கொண்டிருந்தாள். நான் துணி உலர்த்தும்போது பாடுவதைக் கேட்டிருக்கிறாள். ஒரு நாள் அவர்கள் குழுவில் ஆள் குறைந்தபோது, "சும்மாதானே இருக்கே, வா" என்று என்னைக் கூட்டிப்போனாள். அப்படிப் போனவள் மூன்று வருடம் பாடினேன்.

அப்போதெல்லாம் ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை எல்லோரும் ஒன்றாக இருந்து பதிவு செய்ய வேண்டும். ஒருவர் தவறினாலும் மறுபடி முதலிலிருந்து. நாங்கள் எட்டுப் பெண்கள் ஒரே மைக்கைச் சுற்றி நிற்போம். அந்தப் பாட்டைப் பாட வந்தவர் அப்போதே பெரிய பாடகி. அன்றைக்கு அவருக்குக் கடும் சளி. பல்லவி, சரணமெல்லாம் சமாளித்துவிட்டார். தொடக்கத்தில் மேலே ஏறி நிற்கிற ஹம்மிங் மட்டும் உடைந்துகொண்டே இருந்தது. மதியம்வரை எடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் இசையமைப்பாளரின் உதவியாளர் எங்கள் பக்கம் வந்து, என்னைக் காட்டி, "நீ பாடு, பார்க்கலாம்" என்றார்.

பாடகியின் மைக்குக்கு முன்னால் போய் நின்றேன். ஹம்மிங்கை முடித்ததும் நான் சத்தமில்லாமல் ஒதுங்கிவிட வேண்டும். நடுவில் ஒரு மாண்டலின் துணுக்கு. அது முடிவதற்குள் பாடகி மைக்குக்கு வந்து பல்லவியைப் பிடிப்பார். மாண்டலின் வாசித்தவர் என்னிடமிருந்து நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தார். நான் எங்கே நிறுத்துகிறேன் என்று தெரிந்தால்தான் அவரால் எடுக்க முடியும் என்பதால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்தும்போது லேசாகத் தலையசைக்கும்படி சொல்லியிருந்தார். அசைத்தேன். அந்த டேக்கே ஓகே ஆகிவிட்டது.

அவர் எங்கள் பக்கத்து ஆள்தான், போத்தனூர்க்காரர். எல்லோரும் டீ குடிக்கப் போனபோது என்னிடம் வந்து, "அம்மணி, நீங்க நிறுத்துன எடத்துல எங்கை தானா எந்திருச்சுப் போச்சுங்க" என்றார். அந்தப் பாட்டுக்காக எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான்.

இசைத்தட்டில் பாடகியின் பெயர் மட்டும் இருந்தது. அன்றைக்கு அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. கோரஸ் பெண்களின் பெயரையும் வாத்தியம் வாசித்தவர்களின் பெயரையும் யாரும் போடுவதில்லை. அது வழக்கம், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அந்த வயதில் அப்படி நினைக்க முடிந்தது.

பிறகு கல்யாணமாகி சிங்காநல்லூருக்கு வந்தேன். கணவருக்கு ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் ஸ்டோரில் வேலை. நான் மெட்ராஸில் டீச்சர் டிரெயினிங் படித்தேன் என்று மட்டும்தான் அப்பா அவர்கள் வீட்டில் சொல்லியிருந்தார். சினிமாவில் பாடிய பெண் என்று தெரிந்திருந்தால் சம்பந்தமே பேசியிருக்க மாட்டார்கள். மூன்றாவது மாதம் கணவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர், "அம்மாகிட்டச் சொல்லிப்போடாத" என்றார். அதன் பிறகு அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவில்லை.

ஆனால் பாட்டு என்னை விடவில்லை. பொள்ளாச்சி ரோட்டில் ஓடும் தனியார் பஸ்களில் டேப் போடாத பஸ் கிடையாது. அப்பா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் எப்படியும் ஒரு தடவை அந்தப் பாட்டு வந்துவிடும். தலைக்கு மேல் இருக்கிற ஸ்பீக்கரில் என் இருபது வயதுக் குரல் ஏறி ஏறி நிற்கும். பக்கத்து சீட்டில் மாமியார் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு வருவார். "இந்தப் பொம்பளைக்கு என்ன கொரலு பாரு" என்பார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அப்படியே காலம் போயிருக்கும். மாமியார் இறந்து ஒரு வருடம் கழித்து, மகளைக் கல்லூரியில் சேர்த்திருந்த சமயம், பேப்பரில் ஒரு சின்ன அறிவிப்பு வந்தது. நகரத்தின் பெரிய மில் முதலாளி ஒருவர் அவினாசி ரோட்டில் தங்களுடைய பழைய விருந்தினர் பங்களாவை இசைக்கலைஞர்களுக்கான அருங்காட்சியகமாக மாற்றுகிறார். பாட்டுகளுக்குப் பின்னால் இருந்து வாசித்தவர்கள், பாடியவர்கள், பெயர் வெளியே தெரியாமல் போனவர்கள், அப்படி நம் பக்கத்தில் யாராவது இருந்தால் எழுதுங்கள் என்று போட்டிருந்தது. "பெயர் வெளியே தெரியாமல் போனவர்கள்" என்கிற வரியை நான் நாலைந்து தடவை படித்திருப்பேன்.

ஒரு போஸ்ட்கார்டு எழுதினேன். ஹம்மிங்கைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. மூன்று வருடம் கோரஸ் பாடியிருக்கிறேன் என்று மட்டும் எழுதினேன். பத்து நாளில் பதில் வந்தது. கல்லூரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியர் அங்கே பொறுப்பாளராக இருந்தார். நேரில் வரச் சொல்லியிருந்தார்.

பங்களா நன்றாகத்தான் இருந்தது. புதுப் பெயிண்ட் வாசனை போகவில்லை. சுவரோரமாகக் கண்ணாடிப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு வாத்தியம், ஒரு போட்டோ, வாசித்தவரின் பெயர், ஊர், அவர் வாசித்த பாட்டுகள். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் இருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு அழுத்தினால் பாட்டு கேட்கும். வயலினுக்கும் தபலாவுக்கும் கிளாரினெட்டுக்கும் பெட்டி இருப்பதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஐந்தாவது பெட்டியில் ஒரு மாண்டலின். போட்டோவில் போத்தனூர்க்காரர். தலை நரைத்திருந்தது. மெட்ராஸில் கீபோர்டு வந்து வேலை குறைந்த பிறகு அவர் ஊருக்கே திரும்பிவிட்டதாகப் பேராசிரியர் சொன்னார்.

பொத்தானை அழுத்தினேன். அந்தப் பாட்டுதான். பஸ் சத்தம் இல்லாமல், காதுக்குள்ளேயே, என் குரல். மூச்சு இழுக்கிற சத்தம்கூடக் கேட்டது. எதிரே அட்டையில் பாடகியின் பெயரும் அதற்குக் கீழே மாண்டலின் என்று அவர் பெயரும்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "சார், இதுல மொதல்ல வர்ற ஹம்மிங் நான் பாடுனதுங்க" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பேராசிரியர் கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. "அப்படீங்களா? அதுக்கு ஆதாரம் ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"கோரஸ்காரங்களுக்கு என்னங்க சார் ஆதாரம் குடுப்பாங்க?"

"அதுக்கில்லீங்க அம்மா. திறப்பு விழாவுக்கு அந்தப் பாடகியே வாராங்க. நாளைக்கு ஒரு பேச்சு வந்துரக் கூடாது பாருங்க."

அப்போதுதான் நான் மாண்டலின்காரரைச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துத்தான் வாசித்தார், அவரைக் கேளுங்கள் என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரையும் வரச் சொல்வதாகப் பேராசிரியர் சொன்னார்.

அந்த வாரத்தில் போத்தனூருக்கு ஒரு எட்டுப் போய் அவரைப் பார்த்திருக்கலாம். சிங்காநல்லூரிலிருந்து எவ்வளவு தூரம்? போகவில்லை. முன்கூட்டிப் போய்ச் சொல்லிக்கொடுத்தாள் என்று யாரும் பேசக் கூடாது என்கிற வீம்பு.

ஞாயிற்றுக்கிழமை மில் முதலாளியும் வந்திருந்தார். மரியாதையான மனிதர். எனக்குத் தன் கையால் நாற்காலி இழுத்துப் போட்டார். மாண்டலின்காரர் வெள்ளைச் சட்டையில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். அவர் கண்ணில் என்னை அடையாளம் தெரிந்தது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

"ஒருக்கா பாடிக் காட்டுங்களேன், கேப்போம்" என்றார் முதலாளி.

நான் தயாராக வரவில்லை. இருபது வருடமாகச் சமையலறையில்கூடச் சத்தமாகப் பாடியதில்லை. அதற்கு முந்தின வருடம் தைராய்டுக்காகக் கழுத்தில் ஆபரேஷன் செய்திருந்தது. ஆனாலும் பாடினேன். மேலே ஏறும் இடத்தில் குரல் கரகரத்து நின்றுவிட்டது. இன்னொரு தடவை முயன்றேன். அதே இடத்தில் அதே மாதிரி நின்றது. பிறகு அவர்கள் பாட்டைப் போட்டார்கள். என் பழைய குரல் அந்த அறையில் கேட்டது. அதோடு என்னை ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

"நல்லாத்தான் பாடறீங்கம்மா. ஆனா அது வேற கொரலு மாதிரி இருக்குதுங்களே" என்றார் முதலாளி. அதில் கேலி எதுவும் இல்லை. அவருக்கு அப்படித்தான் கேட்டிருக்கும்.

பேராசிரியர் மாண்டலின்காரரைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க, யாருங்க பாடுனது?" என்று கேட்டார்.

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "அன்னைக்கு நெறையப் பேரு இருந்தாங்க சார். நான் குனிஞ்சு வாசிச்சிட்டிருந்தனுங்க. எனக்கு ஞாபகம் இல்லீங்க."

காபி கொடுத்தார்கள், குடித்தேன். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது அவரும் வந்து கொஞ்சம் தள்ளி நின்றார். நான்தான் கேட்டேன்.

"ஏனுங்கண்ணா, நெசமாலுமே ஞாபகம் இல்லீங்களா?"

அவர் சுற்றிலும் பார்த்தார். "பாடுனது நீங்கதான் அம்மணி. சாகறவரைக்கும் எனக்கு மறக்காதுங்க."

"அப்பறம் எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க?"

"பாடகியம்மா வந்து தொறந்து வெக்கறாங்க. நான் இப்படிச் சொன்னேன்னு அவங்க காதுக்குப் போனா, அந்தப் பாட்டையே எடுத்துப்போடுவாங்க. பாட்டு போனா எம்பொட்டியும் போயிருமுங்க. நானும் எத்தனையோ பாட்டுக்கு வாசிச்சேன், ஒரு தட்டுலயும் எம்பேரு வந்ததில்லீங்க. மொத மொதல்ல இங்கதான் எழுதி வெச்சிருக்காங்க. எம்பேரப்புள்ளைங்கள கூட்டிட்டு வந்து காட்டோணும் அம்மணி."

"எம்பேரும் எங்கயும் இல்லீங்கண்ணா" என்றேன்.

அவர் பஸ் வருகிற பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் வந்தது. அவர் அதில் ஏறிப் போகட்டும் என்று நான் ஏறாமல் நின்றுவிட்டேன்.

திறப்பு விழாவுக்குப் போக வேண்டாம் என்று கணவர் சொன்னார். "அங்க போயி என்னத்தப் பாக்கப்போற?" என்றார். கேட்காமல் போனேன். கூட்டம் நிறைய. பாடகி பட்டுப்புடவையில் வந்தார். ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்து வந்தவர் மாண்டலின் பெட்டியில் நின்று பாட்டைக் கேட்டார். பிறகு மேடையில் பேசும்போது, "இந்த ஹம்மிங் பாடின அன்னிக்கு எனக்கு என்ன ஜலதோஷம் தெரியுமா? எப்படித்தான் பாடினேனோ, பகவான் பாட வெச்சார்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். மாண்டலின்காரர் முதல் வரிசையில் இருந்தார். அவரும் தட்டினார்.

டீ கொடுக்கும் இடத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாடகியின் முன்னால் போனேன். "அம்மா, நான் அந்தப் பாட்டுல கோரஸ்ல இருந்தனுங்க" என்றேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அப்படியா! ரொம்ப சந்தோஷம்மா. நீங்கள்லாம் எவ்வளவு நன்னா பாடுவேள்" என்றார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். அதில் பொய் இல்லை. சளி ஞாபகம் இருந்தது, மதியம்வரை பட்ட பாடு ஞாபகம் இருந்தது, தனக்குப் பக்கத்தில் நின்று பாடிய பெண் ஞாபகத்தில் இல்லை. பொய் சொல்லியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை என்று இருந்திருக்கும். சண்டை போடவாவது ஓர் ஆள் கிடைத்திருப்பார்.

நாலைந்து மாதம் கழித்துப் பேராசிரியரிடமிருந்து ஒரு கவர் வந்தது. உள்ளே ஒரு போட்டோவின் ஜெராக்ஸ். மைக்கைச் சுற்றி எட்டுப் பெண்கள். ஸ்டுடியோ போட்டோகிராபர் ஒருவருடைய வீட்டில் கிடைத்ததாம். இதைப் பெரிதாக்கி மாட்டப் போகிறோம், கோரஸ் பாடியவர்களில் எங்களுக்குத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான், இவர்களின் பெயர்களைத் தயவுசெய்து எழுதி அனுப்புங்கள் என்று கடிதம்.

எட்டுப் பேரையும் எனக்குத் தெரியும். இடது ஓரத்தில் என்னைக் கூட்டிப்போன மாடி வீட்டு அக்கா. அவளுக்குப் பக்கத்தில் தாம்பரத்திலிருந்து ரயிலில் வருகிறவள். வலது ஓரத்தில் குட்டையாக நிற்பவள் பிற்பாடு பிரசவத்தில் இறந்துபோனாள். இடமிருந்து மூன்றாவதாக நான். எல்லோரின் வீட்டுப் பெயர், கூப்பிடும் பெயர், யாருக்கு எந்தச் சுருதி என்பதுவரை சொல்ல முடியும்.

கடிதத்தை நாலாக மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்தேன். என் குரலுக்கு ஆதாரம் கேட்டவர்களுக்கு நான் எதற்குப் பெயர் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. இன்னொரு கடிதமும் வந்தது. அதற்கும் எழுதவில்லை.

அடுத்த வருடம் காங்கேயத்திலிருந்து வந்த நாத்தனார், "டவுன்ல பாட்டு மியூசியம் இருக்குதாமா, கூட்டிட்டுப் போங்க" என்று பிடிவாதம் பிடித்தாள். வேறு வழியில்லாமல் கூட்டிப்போனேன். மாடிப்படி ஏறும் சுவரில் அந்தப் போட்டோவைப் பெரிதாக மாட்டியிருந்தார்கள். கீழே "கோரஸ் பாடகியர்" என்று மட்டும் எழுதியிருந்தது.

நாத்தனார் கிட்டப்போய்ப் பார்த்தாள். "ஏனுங்க அண்ணி, இந்தப் பொண்ணு அச்சு அசலா உங்களாட்டவே இருக்குது பாருங்க" என்றாள்.

"அந்த வயசுல எல்லாருமே அப்படித்தான் இருப்போம்" என்றேன்.

அவள் மேலே போய்விட்டாள். நான் படியிலேயே நின்றேன். பேராசிரியரின் அறை கீழே பத்தடி தூரத்தில் இருந்தது. கதவு திறந்திருந்தது. அவர் எதையோ எழுதிக்கொண்டிருப்பது தெரிந்தது. போய்ச் சொல்லியிருந்தால் அன்றைக்கே எழுதிக்கொண்டிருப்பார். மாடி வீட்டு அக்காவின் பெயரையாவது சொல்லியிருக்கலாம். நான் அந்த மூன்று வருடம் பாடியதே அவளால்தான். அவள் எனக்கு என்ன கெடுதல் செய்தாள்? மற்ற ஆறு பேரும்தான் என்ன செய்தார்கள்?

நாத்தனார் இறங்கி வந்ததும் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டோம்.