சடையங்குப்பத்துக்குப் போர்வை தைத்த எஸ்தர்

...ஆமாம்மா, நீங்கள் கேள்விப்பட்டது நிஜம்தான். காலையிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல எனக்குத் தெம்பில்லை, அதனால் இங்கேயே போடுகிறேன்.

நம்ம எஸ்தர் போய்விட்டாள்.

நேற்று சாயங்காலம் நெஞ்சு வலிக்கிறது என்றாளாம். ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முருகா...

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். துணி தைக்கிற எக்ஸ்போர்ட் கம்பெனியில் எனக்கும் அவளுக்கும் பக்கத்துப் பக்கத்து மிஷின். நான் திருவொற்றியூர், அவள் சடையங்குப்பம். கம்பெனியை மூடிவிட்டார்கள்... எங்கள் சண்டையை மட்டும் யாராலும் மூட முடியவில்லை.

போன மழையில் அவள் தெருவுக்குள் தண்ணீர் புகுந்தது. பாய், தலையணை, போர்வை எல்லாம் சேறு. பிள்ளைகள் சிமெண்ட் சாக்கை விரித்துப் படுத்திருந்ததைப் பார்த்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"அட்த்த மழைக்குள்ள எங்க தெருவுல அல்லா வூட்டுக்கும் ஒரு போர்வ தச்சிக் குட்த்துடணும் சரோ. நீயும் வர்ற."

"இன்னாடி, கேக்கறியா சொல்றியா?"

"சொல்றேன்."

அவ்வளவுதான் மீட்டிங்.

துணிக்கு வண்ணாரப்பேட்டை கட்பீஸ் கடை. கம்பெனிகள் கழித்துவிடும் சாம்பிள் துணி அங்கே மூட்டை மூட்டையாகக் கிடக்கும். எல்லாம் ஒரே அளவில் சதுரமாக வெட்டியது, ஓரம் மட்டும் ரம்பம் மாதிரி பல் பல்லாக இருக்கும். ரோஸ், கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், கட்டம், பூப்போட்டது... பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். கடைக்கார பாய் அதையெல்லாம் சாத்தாங்காட்டு இரும்புக் கடைகளுக்கு எண்ணெய் துடைக்க அனுப்பிக்கொண்டிருந்தார்.

"இத்த வச்சி இன்னாமா பண்ணப் போறீங்க? கர்சீப்புக்குக் கூட ஆவாது."

"இரும்புக்கு இன்னாத்துக்கு பாய் ரோஸ் கலரு? அதுக்குப் பழைய பனியன் குடு. இது புள்ளைங்க போத்திக்க."

பாய் சிரித்துக்கொண்டே அவரே மூட்டையை ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

வேலை ஈஸிதான். வெட்டுகிற வேலையே இல்லை. சதுரங்களை வரிசையாகத் தைக்க வேண்டும், வரிசைகளை ஒன்றோடொன்று சேர்க்க வேண்டும். நடுவில் ஒரு பழைய காட்டன் புடவை, அடியில் கெட்டித் துணி, அங்கங்கே நூல் முடிச்சு. போர்வை ரெடி.

ஆனால் முதல் போர்வையிலேயே மாட்டிக்கொண்டோம். பாதி வரிசை அவள் வீட்டில், பாதி என் வீட்டில் தைத்தோம். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் வரிசை நாலு விரல் குறைவு! அவள் அந்தப் பல்லின் நுனியை அளவாக வைத்துத் தைத்திருக்கிறாள். நான் பல்லுக்கு நடுவில் இருக்கிற பள்ளத்தை வைத்துத் தைத்திருக்கிறேன். துண்டுக்குத் துண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து...

"கம்பெனிலயே உனக்கு லைன் நிக்காது," என்றாள்.

"உனக்குத்தான்டி நிக்காது. பிரி உன்னுத."

"நானும் பிரிக்க மாட்டேன், நீயும் பிரிக்காத. மழ கொட்டிக்கினு கீறப்ப நாலு விரல் கம்மின்னு எவ கேக்கப் போறா?"

தன் பழைய நைட்டியைக் கிழித்து, என் வரிசை ஒவ்வொன்றின் நுனியிலும் ஒட்டுக் கொடுத்தாள். அந்தப் போர்வைக்குத்தான் தெருவில் அடிதடி. "இதுதான்கா மெத்துனு கீது"ன்னு ஒருத்தி பிடுங்கிக்கொண்டே போனாள். அன்றிலிருந்து இரண்டு மிஷினுக்கும் பல் நுனிதான் அளவு.

இன்னொரு நாள்... நான் அப்போதுதான் சாமி விளக்கு ஏற்றியிருக்கிறேன். ஊசி உடைந்துவிட்டது, ஒரு ஊசி கொடு என்று வந்து நிற்கிறாள். விளக்கு வைத்த பிறகு ஊசியும் உப்பும் வெளியே கொடுக்கலாமா? வீட்டு லட்சுமி கூடவே போய்விடுவாளே. முடியாது என்றேன்.

"நீ ஒண்ணும் குட்க்க வோணாம், நானே எட்த்துக்கறேன். எஸ்தரு திருடிக்கினா, நா குட்க்கலன்னு உங்க முருகர் கிட்ட சொல்லிடு. எங்க ஏசப்பா கிட்ட நா பேசிக்கறேன்."

எடுத்துக்கொண்டும் போனாள். சாமிக்கு முன்னால் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

தெருவில் கடைசிச் சந்து மட்டும்தான் இன்னும் பாக்கி. இன்றைக்கே வானம் மூடிக்கொண்டு நிற்கிறது.

காலையில் அவள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய நாத்தனார், "இனிமே யாருக்கா தைக்கப் போறாங்க, மூட்டைய பாய் கிட்டயே திருப்பிக் குட்த்துடலாமா?" என்றாள்.

"தொட்டுப் பாரு," என்றேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். மூட்டை இப்போது என் வீட்டில் இருக்கிறது.

நாளைக் காலை அடக்கம். முடிந்து வந்து, தலைக்குக் குளித்து, விளக்கேற்றிவிட்டு மிஷினில் உட்காரப் போகிறேன். முடிந்தவர்கள் வாருங்கள். கத்தரிக்கோல் வேண்டாம். தைக்கத் தெரியாதவர்கள் முடிச்சுப் போடுங்கள். அதுவும் வராதென்றால் கலர் கலராகப் பிரித்துக் கொடுங்கள்.

சாவு வீட்டிலிருந்து வந்த துணி என்று யாரும் கமெண்டில் எழுத வேண்டாம். என் சாமியிடம் நான் கேட்டுவிட்டேன்.

நீ போய் வா எஸ்தர். உன் ஏசப்பாவிடம் கால் நீட்டிப் படு. அந்தச் சந்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அட... இப்போதுதான் ஞாபகம் வருகிறது. அவளுக்குத் தையல் வேலையே பிடிக்காது. இனி ஜென்மத்துக்கும் மிஷினில் உட்கார மாட்டேன் என்று சொல்லி, கம்பெனி மூடின அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள்.