ஸ்டிக்கின் மேல் போட்ட பழி

எங்கள் ஊர் ஆடித்தபசுத் திருவிழா முடிந்த மூன்றாம் நாள், மாலை ஐந்தே முக்கால் மணிக்கு, விளையாட்டுத் திரையில் ஓடிக்கொண்டிருந்த என் வீரன் நடக்கத் தொடங்கினான். அவனுக்குப் பின்னால் ஓநாய்கள் வந்துகொண்டிருந்தன. இடது ஸ்டிக்கை முழுவதும் முன்னால் தள்ளியிருந்ததாகவே நினைத்தேன். ஓநாய்கள் அவனைப் பிடித்துவிட்டன.

என் நோயின் முதல் அறிகுறி அதுதான். அன்று நோட்டில் எழுதியது: “இடது ஸ்டிக் சரியில்லை.”

எனக்கு நாற்பத்து மூன்று வயது. சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சேலைகளுக்குக் கணினியில் பார்டர் வரைகிறேன். இரண்டு கையாலும் பிடித்து விளையாடும் கையடக்க கேமிங் கணினி ஒன்று வைத்திருக்கிறேன். நடுவில் திரை, இருபுறமும் கட்டைவிரலால் தள்ளும் ஸ்டிக்குகள். இதே கருவி வைத்திருக்கும் ஆறு பேர் கைபேசியில் ஒரு குழுவாக இருக்கிறோம். ஞாயிறுதோறும் “இப்ப என்ன ஓடுது?” என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் பதில் போட வேண்டும் என்பது வழக்கம். புளியங்குடி எலுமிச்சை மண்டியில் வேலை பார்க்கும் மைதீன் அப்போது ஒரு விளையாட்டில் பனிமலை மேல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். பனவடலிசத்திரத்தில் நிலம் வைத்திருக்கும் ஒருவர் விளையாட்டிலும் விவசாயமே செய்தார். கேட்டால், “இதுலயாவது மழை பெய்யுதுல்லா” என்பார். இந்தப் பதில்களையும் என் கருவியில் செய்த மாற்றங்களையும் நாள் போட்டு எழுதி வைப்பது என் பழக்கம்.

ஸ்டிக் தேய்ந்துபோவது இந்தக் கருவிகளில் சகஜம். அதற்கு நாங்கள் எல்லோரும் செய்யும் கைவைத்தியம் ஒன்று உண்டு. முக்கால்வாசி தள்ளினாலே முழுதாகத் தள்ளியதாகக் கருவி எடுத்துக்கொள்ளும்படி எல்லையைக் குறைத்துவிடலாம். ஆவணி முதல் வாரம் நூறைத் தொண்ணூறாக்கினேன். வீரன் மறுபடி ஓடினான். இரண்டாம் வாரம் எழுபத்தைந்து. நான்காம் வாரம் அறுபது. ஒவ்வொரு முறையும் “சரியாகிவிட்டது” என்று குழுவில் எழுதினேன்.

வலி இல்லை, மரத்துப்போகவும் இல்லை. மவுஸ் பிடிப்பது வலது கை என்பதால் வேலையும் தடைபடவில்லை. என் மனைவி செல்விதான் ஒருநாள் காபி கொடுக்கும்போது என் இடது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

“இதென்ன, தோலுக்குள்ள மீன்குஞ்சு துள்ளுத மாதிரி துடிக்கி?”

“ரொம்ப நேரம் விளையாடுனா அப்படித்தான்.”

“அப்ப அதத் தூக்கி ஓரமா வையுங்க” என்றாள்.

புரட்டாசி முதல் ஞாயிறு மைதீன் வீட்டுக்கு வந்தான். புது ஸ்டிக் வாங்கலாமா என்று கேட்பதற்காக அவனிடம் என் கருவியைக் கொடுத்தேன். அவன் தொட்டதும் வீரன் பாய்ந்துபோய்ப் பள்ளத்தில் விழுந்தான்.

“என்ன அண்ணாச்சி, லேசா தொட்டாலே தெறிச்சு ஓடுதான்?” என்று சிரித்தான். எல்லையை நூறுக்கு மாற்றி விளையாடிப் பார்த்தான். ஸ்டிக்கில் ஒரு குறையும் இல்லை. பிறகு தன் கருவியை என்னிடம் நீட்டினான். அவன் லாரியின் சக்கரத்தை என்னால் இடப்பக்கம் முழுதாகத் திருப்ப முடியவில்லை. லாரி மெதுவாகப் பனிச்சரிவில் இறங்கிக் கவிழ்ந்தது.

மைதீன் சிரிக்கவில்லை. “அண்ணாச்சி, கையக் காட்டுங்க” என்றான்.

அந்த வாரமே நானும் செல்வியும் திருநெல்வேலியில் ஒரு நரம்பியல் மருத்துவரைப் பார்த்தோம். எப்போது தொடங்கியது என்று கேட்டார். நோட்டைக் கொடுத்தேன். தொண்ணூறு, எழுபத்தைந்து, அறுபது என்றால் என்னவென்று விளக்கினேன். அவர் அவற்றைத் தன் கோப்பில் வரிசையாக எழுதிக்கொண்டார்.

“இவ்வளவு கணக்கா யாரும் எழுதிக் கொண்டுவந்ததில்ல. கை பலம் குறையக் குறைய மெஷினை மாத்திக்கிட்டே வந்திருக்கீங்க” என்றார். திட்டியிருந்தால் கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டில் ஒன்றாக இருக்கலாம் என்றார். ஒன்று, இயக்க நரம்பணு நோய் (தசைகளை இயக்கும் நரம்புச் செல்கள் அழிந்துகொண்டே வந்து, கடைசியில் மூச்சுவிடும் தசைகளையும் முடக்குவது). மற்றது, பன்முக இயக்க நரம்பு நோய் (உடலின் எதிர்ப்பு சக்தியே கைகால் நரம்புகளைத் தாக்குவது). இரண்டாவதற்கு மருந்து உண்டு. முதலாவதைப் பற்றி அவர் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. பரிசோதனைக்கு நான்கு நாள் கழித்து வரச் சொன்னார்.

அந்த நான்கு நாளும் முதலாவதைப் பற்றியே படித்தேன். நாக்கு துடிக்கும் என்று ஓரிடத்தில் இருந்தது. குளியலறைக் கண்ணாடி முன் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றேன். நீட்டிய நாக்கு யாருக்கும் சற்று நடுங்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

“அந்த நாக்க உள்ள போடுங்க” என்று செல்வி பின்னாலிருந்து சொன்னாள். “நீங்க தூங்கும்போது நானும் உங்க வாயத் தொறந்து பாத்துட்டேன். ஒண்ணும் தெரியல.” அவளும் அதே பக்கங்களைப் படித்திருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

நரம்புக் கடத்தல் பரிசோதனையில் மணிக்கட்டு, முன்கை, முழங்கை என்று ஒவ்வோரிடமாகச் சிறு மின்னதிர்வு கொடுத்தார்கள். மணிக்கட்டில் தொட்டபோது கட்டைவிரல் துள்ளியது. முழங்கையில் தொட்டபோது ஏறக்குறைய அசையவே இல்லை. நான் செல்வியைப் பார்க்கவில்லை.

“நடுவில தடை இருக்கு” என்றார் மருத்துவர். “கம்பி அறுந்துபோகல, மின்சாரம்தான் வழியில நின்னுபோகுது. இது ரெண்டாவது நோய்தான், மருந்து இருக்கு. நாம எதிர்பார்த்தது இதத்தான்.” செல்வி நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் (பலர் தானம் செய்த ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புப் புரதம்) சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். எட்டாம் நாள் எல்லையை எழுபதாக்க முடிந்தது. இரண்டாம் வாரம் எண்பத்தைந்து. ஐந்தாம் வாரம் மருந்தின் பலம் வடிந்து, வீரன் ஓட முடியாமல் மறுபடி நடந்தான். முதல் முறை அது என்னவென்று தெரியாமல் இருந்தேன். இம்முறை தெரிந்துகொண்டே பார்த்தேன்.

“இது தீராது. கட்டுக்குள்ள வைக்கலாம். நாலு வாரத்துக்கு ஒருமுறை வந்திரணும்” என்றார் மருத்துவர். போய்வருகிறேன். மருந்து என்றைக்காவது கேட்காமல் போகுமா என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். “பார்ப்போம்” என்கிறார்.

இதைப் படிக்கும் உங்கள் கையில் ஏதேனும் கருவி முன்போல் இயங்கவில்லை என்றால், அதை மாற்றியமைக்கும் முன் இன்னொருவர் கையில் கொடுத்துப் பாருங்கள். நான் அதைச் செய்ய ஏழு வாரம் ஆனது.

இப்போது என் மாதத்துக்கு இருபத்தெட்டு நாள். மருந்து ஏறும் நாள்தான் முதல் நாள். பத்தாம் நாள்வரை இந்தக் கை என்னுடையது. பதினெட்டுக்குப் பிறகு கடன் வாங்கியதுபோலப் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன். நூறு மணி நேர விளையாட்டைத் தொடங்குவதென்றால் இரண்டாம் நாளில்தான் தொடங்குகிறேன்.

இன்று இருபத்து நான்காம் நாள். காலையில் விழிப்பு வந்ததும் இடது கட்டைவிரலை அசைத்துப் பார்க்க வேண்டும். உடனே அசைப்பதில்லை. அது போர்வைக்கு மேல் சும்மா கிடக்கிறது. அசையும் என்றோ அசையாது என்றோ இன்னும் தெரியாத அந்த ஒரு நிமிடத்தை, செல்வி எழுப்பும்வரை, நீட்டித்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.